ஒரு கட்சி, இரண்டு சபைகள்: ஜெர்மனியின் சி.டி.யு.வில் கத்தோலிக்கர் அணிக்கு ஏன் இடமில்லை?

ஜெர்மனியின் கிறிஸ்தவ ஜனநாயக ஒன்றியம், சுருக்கமாக சி.டி.யு., பெயரிலேயே கிறிஸ்தவத்தைச் சுமக்கிற கட்சி. அதற்குள் புராட்டஸ்டன்ட் உறுப்பினர்களுக்கென்று ஓர் அணி 1952 முதல் இயங்குகிறது. அதன் அலுவலகம் பெர்லினில் கட்சித் தலைமையகத்திலேயே இருக்கிறது. கத்தோலிக்கருக்கு அப்படி ஓர் அணி கிடையாது. 2009இல் கத்தோலிக்க உறுப்பினர்கள் சிலர் தாங்களாகவே ஒன்றைத் தொடங்கினார்கள். கட்சித் தலைமை அதைக் கட்சி அமைப்பாக ஏற்கவில்லை.

கேட்டதும் 'ஒரு கண்ணில் வெண்ணெய், மறு கண்ணில் சுண்ணாம்பு' என்றுதான் தோன்றும். கட்சியைத் தொடங்கியவர்களில் பெரும்பாலோர் கத்தோலிக்கர்கள் என்று தெரிந்தால் குழப்பம் இன்னும் கூடும். பெற்றவருக்கே வீட்டில் அறை இல்லையா? விடை 2009இல் இல்லை. அதற்கு நூற்று நாற்பது வருடம் பின்னால் போக வேண்டும்.

முதலில் சில சொற்கள்

நம் ஊரில் கிறிஸ்தவக் குடும்பம் ஒன்றைப் பற்றிப் பேச்சு வந்தால் "ஆர்.சி.யா, சி.எஸ்.ஐ.யா?" என்று கேட்பார்கள். ஜெர்மனியிலும் அந்தக் கோடுதான், ஆனால் அரசியலையே வகுத்த கோடு. லூத்தர் 16ஆம் நூற்றாண்டில் தொடங்கிய சீர்திருத்தத்துக்குப் பிறகு, ஒரு பகுதியை ஆண்ட மன்னர் எந்தச் சபையோ அந்தச் சபையே அந்த மண்ணுக்கும் ஆனது. ரைன் நதிக்கரை, பவேரியா போன்றவை கத்தோலிக்கப் பகுதிகள். வடக்கும் கிழக்கும் பெரும்பாலும் புராட்டஸ்டன்ட். தரங்கம்பாடிக்கு 1706இல் வந்த சீகன்பால்கு கிழக்கு ஜெர்மனியின் லூத்தரன் பகுதியிலிருந்து வந்தவர்.

இரண்டாவது சொல் 'அணி'. சி.டி.யு.வில் இளைஞர், பெண்கள், தொழிலாளர், மூத்தோர், வணிகர் என்று பல அணிகள் உண்டு. இவை கட்சியின் சட்டதிட்டத்தில் பெயர் குறிப்பிடப்பட்டவை. உறுப்பினர்கள் சிலர் கூடி ஒரு வட்டம் அமைத்துக்கொள்வதை யாரும் தடுக்க முடியாது. ஆனால் சட்டதிட்டத்தில் இடம் பெற்ற அணிக்குத்தான் கட்சியின் பெயரில் பேசும் தகுதி உண்டு. சண்டை இந்தத் தகுதியைப் பற்றியது.

கத்தோலிக்கருக்கென்றே ஒரு கட்சி இருந்த காலம்

1871இல் பிஸ்மார்க் ஒன்றுபட்ட ஜெர்மன் பேரரசை அமைத்தார். அதில் கத்தோலிக்கர்கள் சுமார் மூன்றில் ஒரு பங்கு. பிஸ்மார்க் அவர்களைச் சந்தேகித்தார்: இவர்கள் பெர்லினுக்குக் கட்டுப்படுவார்களா, ரோமுக்கா? அடுத்த சில வருடங்களில் நடந்தவைக்குப் 'பண்பாட்டுப் போர்' என்று பெயர். 1872இல் இயேசு சபைத் துறவிகளைத் தடை செய்தார்கள். அரசின் சட்டங்களை எதிர்த்த ஆயர்கள் சிறைக்குப் போனார்கள். கொலோன் பேராயர் மெல்கர்ஸ் 1874இல் சிறையில் இருந்தார்.

இதற்குச் சற்று முன், 1870இல் கத்தோலிக்கர்கள் தங்களுக்கென்று ஒரு கட்சியைக் கட்டியிருந்தார்கள்: சென்ட்ரும், அதாவது 'மையக் கட்சி'. அடக்குமுறை அதை உடைக்கவில்லை, இறுக்கிப் பிணைத்தது. முதலாளியும் தொழிலாளியும் விவசாயியும் கத்தோலிக்கர் என்ற ஒரே காரணத்துக்காக ஒரே கட்சிக்கு வாக்களித்தார்கள். 1891இல் திருத்தந்தை பதின்மூன்றாம் லியோ தொழிலாளர் நிலை பற்றிச் சுற்றுமடல் வெளியிட்ட பிறகு, கூலி, சங்கம், காப்பீடு பற்றிப் பேசும் சமூகக் கொள்கையும் அந்தக் கட்சிக்கு வாய்த்தது.

அதன் முடிவு வேதனையானது. 1933 மார்ச் 23 அன்று ஹிட்லருக்குச் சர்வாதிகார அதிகாரம் தரும் சட்டம் நாடாளுமன்றத்துக்கு வந்தது. சமூக ஜனநாயகக் கட்சியின் 94 பேர் எதிர்த்து வாக்களித்தார்கள். சென்ட்ரும் ஆதரித்தது. அப்போது அதன் தலைவர் லுட்விக் காஸ் என்ற குருவானவர். ஜூலை 5இல் சென்ட்ரும் தன்னையே கலைத்துக்கொண்டது. அதே மாதம் 20ஆம் தேதி வத்திக்கானும் ஹிட்லர் அரசும் ஒப்பந்தம் செய்துகொண்டன.

1945இல் கட்சி தொடங்கக் கூடியவர்களின் மனதில் இந்த வடு இருந்தது. இதை மறந்துவிட்டு 2009ஐப் புரிந்துகொள்ள முடியாது.

'யூனியன்' என்ற சொல்லின் எடை

போர் முடிந்து ஒரு மாதம் சற்றே கடந்திருந்தது. இடிந்து கிடந்த கொலோனில் 1945 ஜூனில் சிலர் கூடினார்கள். பிறகு அருகிலுள்ள வால்பெர்பெர்க் டொமினிக்கன் மடத்தில் உட்கார்ந்து கொள்கை எழுதினார்கள். பழைய சென்ட்ரும்காரர்களே அதிகம். அவர்கள் எடுத்த முடிவு: பழைய கட்சியை எழுப்ப வேண்டாம், புராட்டஸ்டன்டுகளோடு சேர்ந்து புதுக் கட்சி தொடங்குவோம். கிறிஸ்தவர்கள் சபைவாரியாகப் பிரிந்து கிடந்ததால்தான் நாஜிகளைத் தடுக்க முடியவில்லை என்பது அவர்கள் படித்த பாடம். நாஜிச் சிறைகளில் இரு சபையாரும் ஒன்றாக அடைபட்டுக் கிடந்த அனுபவமும் சேர்ந்துகொண்டது.

அதனால்தான் பெயரில் 'கட்சி' என்ற சொல் இல்லை. 'ஒன்றியம்' இருக்கிறது. அது இரண்டு சபைகளின் ஒன்றியம். அந்தச் சொல்லை அவர்கள் அலங்காரத்துக்கு வைக்கவில்லை.

சென்ட்ருமை மீண்டும் தொடங்கியவர்களும் உண்டு. 1949 தேர்தலில் அது பெற்றது 3.1 சதவீதம், 10 இடங்கள். அதன் பிறகு தேய்ந்துபோனது. கத்தோலிக்க வாக்காளர்கள் புது வீட்டுக்குக் குடிபெயர்ந்துவிட்டார்கள்.

புராட்டஸ்டன்டுகளுக்கு மட்டும் ஏன் அணி?

கூட்டு வீடு என்று பெயர் வைத்தாலும் உள்ளே போய்ப் பார்த்தால் கத்தோலிக்க வாசனைதான். கட்சித் தலைவரும் மேற்கு ஜெர்மனியின் முதல் சான்சலருமான (பிரதமர் போன்ற பதவி) கொன்ராட் அடனாவர் கொலோனின் முன்னாள் மேயர், சென்ட்ரும்காரர். ஊர்க் கிளைகள் பங்குக்கோயில் சங்கங்களின் மேல் எழுந்தவை. தேர்தல் வந்தால் ஆயர்களின் மடல் பூசையில் வாசிக்கப்படும். 1950 வாக்கில் மேற்கு ஜெர்மனி மக்களில் பாதிக்குச் சற்று மேல் புராட்டஸ்டன்ட். கத்தோலிக்கர் சுமார் 44 சதவீதம். நாட்டில் பெரும்பான்மையாக இருந்தவர்கள் ஆளும் கட்சிக்குள் சிறுபான்மையாக இருந்தார்கள்.

அவர்களுடைய மனத்தாங்கல் மூன்று வகை.

1. நாட்டுப் பிரிவினை. புராட்டஸ்டன்ட் மண்ணின் பெரும்பகுதி, லூத்தர் வாழ்ந்த விட்டன்பெர்க் உட்பட, சோவியத் பக்கம் போய்விட்டது. அடனாவர் மேற்கு நாடுகளோடு நெருங்க நெருங்க, கிழக்கைக் கைகழுவுகிறார் என்ற பயம் எழுந்தது. புதிய அரசு "வத்திக்கானில் கருவுற்று வாஷிங்டனில் பிறந்தது" என்று 1949இல் போதகர் மார்ட்டின் நீமோலர் சொன்னது இந்தக் கோபத்தில்தான். ஹிட்லர் காலத்தில் வதைமுகாமில் இருந்தவர் அவர். அவர் சொல்லை யாரும் லேசாக ஒதுக்கிவிட முடியவில்லை.

2. ஹைன்மன் விலகல். அடனாவரின் உள்துறை அமைச்சர் குஸ்டாவ் ஹைன்மன், புராட்டஸ்டன்ட் திருச்சபையின் தேசியப் பேரவைத் தலைவரும்கூட. நாட்டுக்கு மீண்டும் ராணுவம் அமைக்கும் யோசனையை எதிர்த்து 1950 அக்டோபரில் பதவியை விட்டார். அதே மாதம்தான் கோஸ்லர் நகரில் சி.டி.யு. தேசியக் கட்சியாக முறைப்படி அமைந்தது. கட்சி பிறந்த மாதத்திலேயே அதன் மிகப் பெரிய புராட்டஸ்டன்ட் முகம் அமைச்சரவையில் இல்லை. 1952இல் அவர் கட்சியையும் விட்டார். பிற்பாடு எதிர்முகாமான சமூக ஜனநாயகக் கட்சியில் சேர்ந்து 1969இல் குடியரசுத் தலைவரானார்.

3. பதவிகள். அமைச்சகங்களில் யாருக்கு எந்த நாற்காலி என்று சபைவாரியாக எண்ணிப் பார்க்கிற வழக்கம் அன்று சாதாரணம்.

இந்தப் பின்னணியில் நாடாளுமன்றத் தலைவர் ஹெர்மன் ஏலர்ஸ் முன்வந்தார். நாஜிகளுக்கு அடிபணிய மறுத்த 'அறிக்கையிடும் திருச்சபை'யில் இருந்தவர், 1937இல் கைதானவர். 1952 மார்ச் 14 முதல் 16 வரை ஸீகன் நகரில் புராட்டஸ்டன்ட் உறுப்பினர்களைத் திரட்டினார். அங்கே பிறந்ததுதான் 'புராட்டஸ்டன்ட் பணிக்குழு'. சி.டி.யு.வுக்கும் பவேரியாவில் அதன் உடன்பிறப்பான சி.எஸ்.யு.வுக்கும் பொதுவான அணி. ஏலர்ஸ் 1954இல் 50 வயதிலேயே இறந்துவிட்டார். ஆனால் அவர் வெளியே போகத் துடித்தவர்களுக்கு உள்ளே ஒரு நாற்காலி போட்டுக் கொடுத்துவிட்டுப் போனார். 1957இல் இரு கட்சிகளும் சேர்ந்து 50.2 சதவீத வாக்கு வாங்கின. புராட்டஸ்டன்ட் வாக்குகள் கணிசமாக வராமல் அது நடந்திருக்காது.

ஓர் அமைச்சர் பதவியின் கதை

இந்த அணியின் கணக்கு நடைமுறையில் எப்படி வேலை செய்தது? 1961 நவம்பரைப் பார்க்கலாம். அடனாவர் நான்காவது முறையாக அமைச்சரவை அமைக்கிறார். அதுவரை ஒரு பெண்கூட அமைச்சரானதில்லை. கட்சியின் பெண் உறுப்பினர்கள் பொறுத்தது போதும் என்று, ஆலோசனை நடந்த அறைக்கு வெளியே போய் உட்கார்ந்துகொண்டார்கள். முன்னின்றவர் ஹெலன் வேபர்: 80 வயது, கத்தோலிக்கர், பழைய சென்ட்ரும்காரர், அரசியல் சாசனத்தை எழுதிய நான்கு பெண்களில் ஒருவர். அடனாவர் இறங்கி வந்தார்.

பதவி யாருக்குப் போனது? எலிசபெத் ஷ்வார்ஸ்ஹாப்ட் என்ற வழக்கறிஞருக்கு. புராட்டஸ்டன்ட் திருச்சபை அலுவலகத்தில் பல வருடம் வேலை செய்தவர். அவருக்காகச் சுகாதாரத்துக்கென்று புதிய அமைச்சகமே உருவானது. பெண்களின் கோரிக்கையும் புராட்டஸ்டன்டுகளின் கணக்கும் ஒரே நியமனத்தில் தீர்ந்தன.

கத்தோலிக்கர்கள் இந்த வகைக் கணக்குக்கென்று ஓர் அணி வேண்டும் என்று அன்று கேட்கவில்லை. கேட்க வேண்டிய தேவையே வரவில்லை. கட்சியே அவர்களுடையது என்ற உணர்வு இருந்தது. தொழிலாளர் அணி கத்தோலிக்க சமூகக் கொள்கையில் ஊறியது. வெளியே கத்தோலிக்கப் பொதுநிலையினரின் (குருக்கள் அல்லாத விசுவாசிகளின்) மத்தியக் குழு, ஆயர்களின் தொடர்பு அலுவலகம் என்று வேறு வாசல்களும் திறந்தே இருந்தன. மீனுக்கு எதற்குக் குளத்தில் தனி இடம்?

தராசு எப்படிச் சாய்ந்தது?

ஹெல்முட் கோல் 1973 முதல் 1998 வரை தலைவர், கத்தோலிக்கர். ஆனால் அவர் காலத்திலேயே அடித்தளம் மாறியது. 1990இல் கிழக்கு ஜெர்மனி இணைந்தபோது சேர்ந்த மக்களில் கத்தோலிக்கர் மிகச் சொற்பம். பெரும்பாலோர் எந்தச் சபையிலும் இல்லை. அங்கிருந்த கிறிஸ்தவர்களில் அதிகம் பேர் புராட்டஸ்டன்ட். 2000இல் தலைமைக்கு வந்த அங்கேலா மெர்க்கல், கிழக்கில் வளர்ந்த லூத்தரன் போதகரின் மகள். 1992-93இல் புராட்டஸ்டன்ட் பணிக்குழுவுக்கே தலைவராக இருந்தவர்.

பிறகு உரசல்கள் ஒன்றன்பின் ஒன்றாக வந்தன.

1. 2007, குழந்தைக் காப்பகங்கள். குடும்பநல அமைச்சர் உர்சுலா ஃபான் டெர் லையன், மூன்று வயதுக்குட்பட்ட குழந்தைகளுக்குக் காப்பக இடங்களைப் பெருக்கத் திட்டமிட்டார். வீட்டில் இருந்து பிள்ளை வளர்க்கும் தாயைக் கட்சி கைவிடுகிறது என்று பழமைவாதக் கத்தோலிக்கர்கள் வருந்தினார்கள். அவுக்ஸ்பர்க் ஆயர் மிக்ஸா இது பெண்களைப் 'பிள்ளை பெறும் இயந்திரங்கள்' ஆக்குகிறது என்று கடுமையாகச் சொல்லி, பெரிய சண்டையானது.

2. 2008, கருமூல உயிரணுக்கள். மனிதக் கருவிலிருந்து எடுக்கும் உயிரணுக்களை ஆராய்ச்சிக்கு இறக்குமதி செய்ய ஒரு கடைசித் தேதி சட்டத்தில் இருந்தது: 2002 ஜனவரி 1. அதற்கு முன் உருவானவை மட்டுமே வரலாம். நாடாளுமன்றம் அந்தத் தேதியை 2007 மே 1க்குத் தள்ளிவைத்தது. ஆயர்கள் எதிர்த்தார்கள். மாற்றத்தை ஆதரித்த ஆராய்ச்சித் துறை அமைச்சர் அனெட்டே ஷாவன் ஒரு கத்தோலிக்க இறையியலாளர்.

3. 2009 பிப்ரவரி 3. உண்மையில் தீப்பிடித்த நாள் இது. திருத்தந்தை பதினாறாம் பெனடிக்ட், ரோமிலிருந்து பிரிந்திருந்த பாரம்பரியவாதக் குழுவின் நான்கு ஆயர்கள் மீதிருந்த சபைவிலக்கை ஜனவரியில் நீக்கினார். அதில் ஒருவரான ரிச்சர்ட் வில்லியம்சன், யூதப் படுகொலையை மறுத்துப் பேசியவர். மெர்க்கல் அன்று கசகஸ்தான் அதிபரோடு செய்தியாளர்களைச் சந்தித்தபோது, இந்த மறுப்புக்கு இடமில்லை என்பதைத் திருத்தந்தையும் வத்திக்கானும் தெளிவாகச் சொல்ல வேண்டும், இதுவரை சொன்னது போதாது என்றார்.

மெர்க்கல் சொன்னதில் தவறு இல்லை என்பதே என் கணிப்பு. யூதப் படுகொலை விஷயத்தில் ஜெர்மனியின் சான்சலர் மௌனமாக இருக்க முடியாது. ஆனால் பல கத்தோலிக்க உறுப்பினர்களின் காதில் அது வேறு மாதிரி விழுந்தது. தங்கள் மண்ணில் பிறந்த திருத்தந்தையை, தங்கள் கட்சியின் தலைவர், ஒரு போதகரின் மகள், உலகத்துக்கு முன்னால் கண்டிக்கிறார். ஐந்து நாள் கழித்து இருவரும் தொலைபேசியில் பேசிக்கொண்டார்கள். மனக்கசப்பு தீரவில்லை.

2009: அணியும் மறுப்பும்

அந்த ஆண்டின் இறுதியில் 'ஈடுபாடுள்ள கத்தோலிக்கர் பணிக்குழு' தொடங்கியது. முன்னணியில் இருந்தவர் பத்திரிகையாளர் மார்ட்டின் லோமன், கருக்கலைப்பை எதிர்க்கும் அமைப்புகளின் கூட்டமைப்புக்குத் தலைவரானவர். பெயரிலேயே பழைய புராட்டஸ்டன்ட் பணிக்குழுவின் சாயல் தெரிகிறது. கேட்டது எளிமையானது: அவர்களுக்கு இருப்பது எங்களுக்கும் வேண்டும். தலைமை இசையவில்லை. குழு கட்சி உறுப்பினர்களின் தனிப்பட்ட வட்டமாகவே நின்றது.

மறுப்புக்கு ஆதரவான வாதங்களை எடைபோட்டுப் பார்க்கலாம்.

முதலாவது, 'ஒன்றியம்' என்ற கருத்து. இரு சபைக்கும் இரண்டு அணிகள் வந்துவிட்டால், வீட்டுக்கு நடுவில் சுவர் எழும்பும். 1945இல் கத்தோலிக்கர்கள் தங்கள் தனிக் கட்சியைத் தாங்களே விட்டுக்கொடுத்துக் கட்டிய வீடு இது. இந்த வாதத்தில் வலு இருக்கிறது.

இரண்டாவது, எண்ணிக்கை. 2009இலும் கட்சி உறுப்பினர்களில் கத்தோலிக்கர்களே அதிகம். பெரும்பான்மைக்கு எதற்குத் தனி அணி? இந்த வாதம் எனக்குப் பாதிதான் சரியாகப் படுகிறது. 1952இல் புராட்டஸ்டன்டுகள் நாட்டில் பெரும்பான்மையாக இருந்தும் கட்சிக்குள் அந்நியமாக உணர்ந்தார்கள்; அணி கிடைத்தது. அந்நியமாக உணர்வதுதான் அளவுகோல் என்றால், தலை எண்ணிக்கையை மட்டும் காட்டி மறுப்பது நியாயமாகாது.

மூன்றாவதுதான் கனமான கேள்வி. இந்தக் குழு யாருக்காகப் பேசுகிறது? 1952இல் பிரச்சினை இடம் பற்றியது. எங்கள் ஆட்கள் எங்கே என்று கேட்டார்கள். 2009இல் பிரச்சினை கொள்கை பற்றியது. கருக்கலைப்பு, குடும்பம், கருமூல ஆராய்ச்சி ஆகியவற்றில் கட்சி இன்ன நிலைப்பாட்டில் நிற்க வேண்டும் என்றார்கள். இந்த விஷயங்களில் கட்சியின் கத்தோலிக்கர்களே ஒரே குரலில் பேசவில்லை. உயிரணுச் சட்டத்தை ஆதரித்த ஷாவனும் கத்தோலிக்கர்தான்.

இதைவிடத் தெளிவான உதாரணம் 1999இல் நடந்தது. ஜெர்மன் சட்டப்படி, ஆலோசனை மையத்தில் பேசிச் சான்றிதழ் வாங்கிய பெண், முதல் பன்னிரண்டு வாரத்துக்குள் தண்டனையின்றிக் கருக்கலைப்பு செய்துகொள்ளலாம். கத்தோலிக்க மையங்களும் அந்தச் சான்றிதழைக் கொடுத்து வந்தன. கொடுக்கக் கூடாது என்று திருத்தந்தை இரண்டாம் யோவான் பவுல் சொன்னார், ஆயர்கள் விலகினார்கள். அப்போது பொதுநிலைக் கத்தோலிக்கர்கள் சேர்ந்து 'தோனும் வீத்தே', அதாவது 'உயிர் என்னும் கொடை' என்ற அமைப்பைத் தொடங்கி ஆலோசனையைத் தொடர்ந்தார்கள். மையத்துக்கு வருகிற பெண்ணோடு பேசினால்தானே ஒரு குழந்தையையாவது காப்பாற்ற முடியும் என்பது அவர்கள் நியாயம். முதல் தலைவர் ரீட்டா வாஷ்புஷ், சி.டி.யு.காரர், கத்தோலிக்கப் பொதுநிலையினர் மத்தியக் குழுவின் முன்னாள் தலைவர்.

இவரை 'ஈடுபாடு இல்லாத கத்தோலிக்கர்' என்று யார் சொல்ல முடியும்? இடம் கேட்கிற அணி ஒரு கட்சியை விரிக்கும். உண்மையான விசுவாசி யார் என்று தீர்ப்புச் சொல்கிற அணிக்குக் கட்சி முத்திரை குத்திக் கொடுத்தால், கட்சிக்கும் கேடு, விசுவாசத்துக்கும் கேடு. மறுப்பு சரிதான் என்று நான் நினைப்பது இந்தக் காரணத்துக்காக மட்டுமே.

அதற்குப் பிறகு

2013இல் லோமன் கட்சியை விட்டு விலகினார். 2017 ஜூன் 30 அன்று ஒருபாலினத் திருமணச் சட்டம் 393க்கு 226 என்ற கணக்கில் நிறைவேறியது. மெர்க்கல் எதிர்த்து வாக்களித்தார். ஆனால் அவரவர் மனச்சாட்சிப்படி வாக்களிக்கலாம் என்று கதவைத் திறந்துவிட்டவரும் அவரே. சி.டி.யு., சி.எஸ்.யு. உறுப்பினர்கள் 75 பேர் ஆதரித்தார்கள்.

2018இல் மெர்க்கல் தலைமையிலிருந்து இறங்கிய பின் வந்த மூவரும், கிராம்ப்-கரென்பவர், லாஷெட், மெர்ஸ், கத்தோலிக்கர்கள்தான். மெர்ஸ் 2025 மே மாதம் சான்சலரானார். தலைமையில் கத்தோலிக்கர் இல்லை என்ற குறைக்கு இப்போது இடமில்லை. அதே சமயம் சட்டத்தின் போக்கும் திரும்பவில்லை. லோமன் வட்டத்தினரின் குறை ஆளைப் பற்றியது அல்ல என்பதை இது காட்டிவிடுகிறது.

2022இல் வெளியான கணக்குப்படி, ஜெர்மனி மக்கள்தொகையில் இரு பெரிய திருச்சபைகளின் உறுப்பினர்கள் முதன்முறையாகப் பாதிக்கும் கீழே போனார்கள். அதே வருடம் ஹனோவர் மாநாட்டில் சி.டி.யு. ஒருபாலின ஈர்ப்பாளர்களின் சங்கத்தைக் கட்சியின் முறையான அமைப்பாக ஏற்றுக்கொண்டது. 1952இல் பிறந்த புராட்டஸ்டன்ட் பணிக்குழு இன்றும் கட்சித் தலைமையகத்தில் இயங்குகிறது, தன் இதழை வெளியிடுகிறது. கத்தோலிக்கருக்கென்று ஓர் அணி கட்சியின் சட்டதிட்டத்தில் இன்னும் ஏறவில்லை.